பர்மா தேக்குக் கரி

ஈச்சங்கரிசலில் வானத்திலிருந்து கொடுக்காப்புளி விழுந்த அன்று யாரும் வாயைப் பிளக்கவில்லை, பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டார்கள். புரட்டாசிக் கடைசிச் செவ்வாய், காளியம்மன் கோயில் பொங்கல், விளக்கு வைக்கிற நேரம். வேடிக்கைக்காரி வெயிலுகந்தாள் முதல் வாணத்தைக் கொளுத்தினாள், அது சீறிக்கொண்டு மேலே போய், கொஞ்சம் நின்று, யோசித்து, வெடித்து, பொன்பொன்னாகப் பொறியைச் சொரிந்தது, அந்தப் பொறிகளோ அணைய வேண்டிய உயரத்தில் அணையாமல் சுருண்டு சுருண்டு இறங்கி, பனைமர உயரத்தில் ரோஸ் நிறமாகி, ஆள் உயரத்தில் கொடுக்காப்புளியாகி, கோயில் வாசலெங்கும் பொத்துப்பொத்தென்று விழுந்தன. கொடுக்காப்புளிக்கு அது காலமே இல்லை. பழம் லேசாகச் சுட்டது. வடக்குத் தெருக்காரர்கள் துவர்ப்பு தூக்கல் என்றார்கள். தெற்குத் தெருக்காரர்கள் போன வருஷம் பொறி இன்னும் அதிக நேரம் நின்றது என்றார்கள். பூசாரி மட்டும், அம்மனுக்குப் படைக்கும் முன்னால் தின்றது தப்பு என்று சொல்லிவிட்டு, கொட்டையைத் துப்பினார்.

வெயிலுகந்தாளுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. அப்பாவிடமிருந்து லைசென்ஸும் பட்டறையும் அவளுக்கு வந்தன. ஊருக்கு வெளியே, சட்டம் சொன்ன தூரத்துக்கும் கொஞ்சம் தள்ளி, நாலு வேப்பமரத்துக்கு நடுவே தகரக் கொட்டகை. மற்ற வேடிக்கைக்காரர்கள் வெடிமருந்தைப் பற்றி ராத்திரி பகலாகப் பேசுவார்கள், அவள் கரியைப் பற்றித்தான் பேசுவாள். வெடிக்கிறது மருந்து, ஆனால் விளையாடுகிறது கரி என்பது அவள் கட்சி. பஞ்செடுத்தபின் காய்ந்த செடியைச் சுட்ட பருத்திமார்க் கரி முன்கோபக்காரி, தொட்டதும் கிளம்பிவிடும். வேலங்கரி சோம்பேறி, அதற்கு மேலே போக மனசு வராது, போனாலோ இறங்க மனசு வராது, வால் நீளமாகத் தொங்கும். சிரட்டைக் கரி கல்நெஞ்சு, இஸ்திரிப் பெட்டிக்குத்தான் லாயக்கு. ஒரு கரித்துண்டை எடுத்து விரலால் சுண்டி, காதோரம் வைத்துக் கேட்டு, மோந்து பார்த்து, இது எந்த மரம், எந்தக் கண்மாய்க் கரை, மழைக்கு முன்னால் வெட்டியதா பின்னால் வெட்டியதா என்று சொல்லிவிடுவாள். அவள் புருஷன் சங்கிலிப்பாண்டி குழி வெட்டுவான், விறகு அடுக்குவான், மண்ணைப் போட்டு மூடுவான், மூன்று நாள் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் பேசுவான்.

அந்த வருஷம் ஊரெல்லாம் மக்காச்சோளம் போட்டுவிட்டதால் பருத்திமார் கிடைக்கவில்லை. கண்மாய்க் கரையில் காற்றுக்குச் சாய்ந்த கொடுக்காப்புளி மரத்தைக் கரியாக்கினார்கள். அவ்வளவுதான் காரணம். அதற்குமேல் யாரும் காரணம் கேட்கவில்லை, கேட்டவர்களுக்கும் அடுத்த வாணம் எப்போது என்பதில்தான் அக்கறை.

தை மாதக் கல்யாணத்துக்கு ஒருவர் முருங்கைக் கரி கேட்டார். முருங்கைக்காய் நேர்நேராக, அம்பு மாதிரி, பந்தல் துணியைக் குத்திக்கொண்டு இறங்கியது; ஒரு வாரம் எல்லா வீட்டிலும் சாம்பார், அதற்குப் பத்தாம் மாதம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டில் பற்றவில்லை. ஒரு காதுகுத்துக்கு விளாமரக் கரி போட்டதில் பன்னிரண்டு வீட்டு ஓடு போயிற்று, தாய்மாமன் அண்டாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சீர் கொண்டுவந்தார். சீமைக்கருவேலங்கரி போட்ட அன்று நெற்றுநெற்றாக விழ, ஆடுகள் தின்று ருசி கண்டன. அதிலிருந்து டவுன் பஸ்ஸுக்கு டயர் வெடித்தால்கூடச் சுற்றுப்பட்டு ஆடெல்லாம் மேலே பார்த்துக்கொண்டு ஓடி வந்தன. புளியங்கரிக்குப் பெண்கள் அரிவாள்மணையோடு வந்து, விழ விழ உட்கார்ந்து கொட்டை எடுத்தார்கள். பட்டறையைப் பார்வையிட வந்த அதிகாரி, லைசென்ஸில் பழம் என்று எங்கும் எழுதவில்லையே என்று யோசித்து, பழம் கூடாது என்றும் எழுதவில்லையே என்று இன்னும் யோசித்து, ஒரு பை இலந்தையோடு போனார்.

ஆனால் இப்படிக் கிடைக்கிற பழத்துக்கு ஒரு குணம் இருந்தது. மரம் இருந்து நாலு வருஷம் காய்க்க வேண்டியதை ஒரே சாயங்காலத்தில் கொட்டிவிடும், அதற்குப்பின் மரம் இருக்காது. அண்ணாந்து பார்க்கப் பழகிய ஊருக்குக் காத்திருக்க முடியவில்லை. கொய்யா போயிற்று, நெல்லி போயிற்று, பள்ளிக்கூடத்து இலந்தை வேரோடு போயிற்று. வெயிலுகந்தாள் பச்சை மரம் கரிக்கு ஆகாது என்று சொல்லிப் பார்த்தாள். அவர்கள் மரத்தை வெட்டிக் காயவைத்துக் கொண்டுவந்தார்கள். அவளுக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் வாங்கிக்கொண்டாள், பட்டறை ஓட வேண்டுமே. கடைசியில் ஊரில் காய்க்கிற மரம் என்று சொல்ல ஒன்றுதான் மிச்சம் இருந்தது, அதுவும் காய்க்காத மரம்.

அது கோயில் தர்மகர்த்தா திருவேங்கடத்துக்கும் அவருடைய அக்கா பூமாதேவிக்கும் நடுவில் நின்ற மாமரம். அப்பா செத்ததும் வீட்டையும் தோட்டத்தையும் கயிறு பிடித்து இரண்டாகப் பிரித்தார்கள், கயிறு நேராக மரத்தின் மேல் போய் முட்டியது. மரத்துக்கு இந்தப் பக்கம் பாதிச் சுவர், அந்தப் பக்கம் பாதிச் சுவர், நடுவில் மரம். அந்த வருஷக் காய்ப்பில் ஒரு கூடை பழத்தை யார் பறித்தது என்று ஆரம்பித்த சண்டையில் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள், மரமும் காய்ப்பை நிறுத்தியது. இருபத்திரண்டு வருஷம். இருவருக்கும் சொல்ல வேண்டியது நிறைய இருந்ததால் அக்கா தன் கோழியைப் பார்த்துச் சொல்வாள், தம்பி தன் நாயைப் பார்த்துப் பதில் சொல்வார். வேறு எந்த ஊரிலும் ஒரு கோழி அத்தனை பேச்சு வாங்கியிருக்காது.

மறு புரட்டாசி வந்தது. திருவேங்கடம் கமிட்டியைக் கூட்டி, இந்த வருஷம் அம்மனுக்கு மாம்பழ வேடிக்கை என்றார். இருபத்திரண்டு வருஷம் காய்க்காத காயெல்லாம் அந்த மரத்துக்குள்தான் இருக்கிறது, வெட்டிக் கரியாக்கினால் ஊரே வாரிக்கொள்ளலாம். ஊர் நாக்கைச் சப்புக்கொட்டியது. பூமாதேவி கோழியிடம், தன் பாதியில் எவன் கோடாலி படுகிறதோ அவன் கையைப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். அப்படியானால் என் பக்கத்துக் கொப்பை மட்டும் வெட்டுகிறேன் என்று அவர் நாயிடம் சொன்னார். அந்தக் கொப்பில் விழுகிற பழமெல்லாம் அவனுக்கா, என் பக்கத்துக் கொப்பையும் வெட்டு என்று அவள் கோழியிடம் சொன்னாள். கொப்புக் கொப்பாக இப்படியே போய், வியாழக்கிழமை காலையில் முழு மரத்தையும் வெட்டுவது என்று இரண்டு பேருமே ஒத்துக்கொண்டார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் அவர்கள் ஒத்துக்கொண்டது அது ஒன்றுதான். வெயிலுகந்தாள் மறுத்தால் வெளியூர் வேடிக்கைக்காரரை வைத்துக்கொள்வோம் என்று திருவேங்கடம் சொல்லி அனுப்பினார்.

வியாழக்கிழமை அவள் சங்கிலிப்பாண்டியோடு மரத்தடிக்குப் போனாள். கோடாலியோடு நாலு பேர், சாக்கோடு நாற்பது பேர். மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, பட்டையைச் சுண்டிக் காதை வைத்துக் கேட்டாள். பிறகு, பொங்கலுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது, பச்சை மாமரம் காய்வதற்கே மாசம் ஆகும், இதை நம்பி வேடிக்கை போட்டால் அம்மன் முன்னால் புகைதான் வரும் என்றாள்.

"அப்ப மாம்பழம் இல்லையா தாயி?" என்று திருவேங்கடம் கேட்டார்.

"இருக்கு அண்ணாச்சி. போன ஐப்பசிக் காத்துல இந்த மரத்துக் கொப்பு ஒண்ணு ஒடிஞ்சு ரோட்டுல விழுந்துச்சுல்லா, அதை இவுக இழுத்துட்டு வந்து பட்டறையில போட்டிருக்காக. நல்லாக் காஞ்சு கெடக்கு. உங்க பக்கத்துல விழலை, அக்கா பக்கத்துலயும் விழலை. அம்மனுக்குன்னு விழுந்தது."

இரண்டு பக்கமும் யோசித்தார்கள். யாருக்கும் சொந்தமில்லாத கொப்பில் யாருக்கும் நஷ்டமில்லை. கோடாலிக்காரர்கள் டீ குடிக்கப் போனார்கள்.

பட்டறைக்கு வரும் வழியெல்லாம் சங்கிலிப்பாண்டி வாயைத் திறக்கவில்லை. அவன் அவ்வளவு தூரம் பேசாமல் நடந்தது அதுவே முதல் தடவை. அந்தக் கொப்பைப் போன மாசிக்கே நெல் அவிக்க எரித்தாயிற்று என்பது அவனுக்குத் தெரியும். வேப்பமரத்தடிக்கு வந்ததும்தான் கேட்டான்.

"எதைடி கரியாக்கப் போறே?"

அவள் யோசனை வேறாக இருந்தது. திருவேங்கடம் இருபது வருஷமாக உட்கார்ந்து தேய்த்த நாற்காலி ஒன்று, போன மாதம் கால் ஒடிந்ததும் கோயில் கொட்டகைக்கு வந்து, அங்கிருந்து விறகுக்கென்று பட்டறைக்கு வந்திருந்தது. கருப்புப் பாலிஷ், கையில் சிங்க முகம். தாத்தா ரங்கூனிலிருந்து கப்பலில் கொண்டுவந்த பர்மா தேக்கு என்று அவர் சொல்லாத நாளில்லை. உட்காரப் போகும்போது ஒரு தடவையும் எழுந்திருக்கும்போது ஒரு தடவையும் சொல்வார். தேக்கங்கரி போட்டால் தேக்கங்காய் விழும். சின்னது, பஞ்சு மாதிரி, தலையில் விழுந்தால் தட்டிவிட்டுப் போகலாம். மாம்பழத்துக்குச் சாக்கு விரித்த ஊர், இந்த மரம் மலடுதான் போல என்று மடித்துக்கொண்டு போய்விடும், மரம் நிற்கும். சங்கிலிப்பாண்டி சிரித்தான். அன்றைக்கே அவள் மருந்துச் சாமான் வாங்க டவுனுக்குப் போயிருந்தபோது நாற்காலியை உடைத்துக் குழியில் அடுக்கி மண்ணைப் போட்டு மூடிவிட்டான்.

பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது குழியைத் திறந்தார்கள். வெயிலுகந்தாள் ஒரு துண்டை எடுத்துச் சுண்டினாள். காதில் வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள், ஒடித்தாள், மோந்தாள், கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் மோந்தாள். கரியான பிறகு மரத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது. நாற்காலியை உடைக்கும்போது உள்ளே என்ன நிறம் என்று புருஷனைக் கேட்டாள். மஞ்சள், நல்ல மஞ்சக்கிழங்கு மாதிரி, பர்மாவில் அப்படித்தான் போல என்று நினைத்தேன் என்றான் அவன்.

அவள் குழி மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். முதலில் பயந்தாள். கரிசல்காட்டில் அந்த மரம் கிடையாது, அந்தப் பழத்தைச் சந்தையில் சுளை சுளையாகத்தான் ஊர் பார்த்திருக்கிறது, முழுசாகத் தலைக்கு மேலே பார்த்ததில்லை. வேறு கரி போட நாள் இல்லை; போடாமல் விட்டால் நாளைக்கே கோடாலி மரத்துக்கு வந்துவிடும். பிறகு, அந்த நாற்காலியில் இருபது வருஷம் உட்கார்ந்திருந்தவரையும் சிங்க முகத்தையும் கப்பலையும் நினைத்தாள், சிரிப்பில் வயிறு குலுங்க ஆரம்பித்தது. சங்கிலிப்பாண்டி என்னவென்று கேட்டுக்கொண்டே இருந்தான். ஊரிலேயே அதிகம் பேசுகிற ஆளிடம் அவள் சொல்லவில்லை.

பொங்கல் அன்று சாயங்காலம் அவள் தமுக்கடிக்கிறவரைத் தெருத்தெருவாக அனுப்பினாள். மாம்பழம் கனமான பழம், உயரத்திலிருந்து விழும், ஆகையால் ஒரு ஆள், ஒரு ஆடு வெளியில் நிற்கக் கூடாது, எல்லோரும் கோயிலுக்குப் பக்கத்துக் கல்மண்டபத்துக்குள் வந்துவிட வேண்டும், கடைசி வாணம் முடிந்து அவள் சொன்ன பிறகுதான் பொறுக்க வேண்டும். விளாம்பழத்தில் அடிபட்ட ஊர் சொன்னபடி கேட்டது. ஆடுகளைக் கயிற்றில் கட்டி இழுத்துவந்தார்கள். தலைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, மண்டபத்து வாசலில் நின்று, அதுவரை இழுத்துவிட்ட நீளத் திரிக்குத் தீ வைக்கச் சங்கிலிப்பாண்டியிடம் சொன்னாள்.

தலை எண்ணிக்கையில் இரண்டு தப்பு இருந்தது. பூமாதேவி வந்து உட்கார்ந்து, எதிர்த்தூணில் தம்பியைப் பார்த்ததும், அவன் நிற்கிற கூரைக்குக் கீழே நான் நிற்பதா என்று பின்பக்கமாக எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் இல்லாததைப் பார்த்ததும் திருவேங்கடத்துக்கு வேறு சந்தேகம். மரத்துப் பழம் மரத்தடியில்தான் அதிகம் விழும், அதை வாரத்தான் போகிறாள் என்று அவரும் பின்னாலேயே நழுவினார். முதல் வாணம் ஏறியபோது சுவருக்கு அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் அவரும் தங்கள் தங்கள் சாக்கோடு வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அப்படி ஒரு வாணம் அதுவரை யாரும் பார்த்ததில்லை என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். மேலே போய், விரிந்து, மஞ்சளும் பொன்னுமாகத் தொங்கி, தொங்கித் தொங்கி, அவசரமே இல்லாமல் இறங்கியது. இறங்க இறங்கப் பொறி ஒவ்வொன்றும் பருத்தது, எலுமிச்சையானது, தேங்காயானது, தேங்காயோடு நிற்கவில்லை, பச்சை படர்ந்தது, முள் முளைத்தது, காற்றில் தேன் மணந்தது, மண்டபத்துக்குள்ளிருந்து ஒரு குரல் இது மாம்பழம் மாதிரி இல்லையே என்று நிதானமாகச் சொல்லி முடிக்கும்போது முதல் பலாப்பழம் கோயில் டிராக்டரின் மேல் விழுந்தது.

பிறகு எல்லாம் விழுந்தது. தெருவில் விழுந்தது, கூரையில் விழுந்தது, கண்மாயில் விழுந்து தண்ணீர் பனை உயரம் எழும்பியது, மைக்செட் குழாயில் ஒன்று விழுந்து பாட்டு நின்றது. வெயிலுகந்தாள் மண்டபத்து வாசலில் கையை விரித்து மறித்துக்கொண்டு நின்றாள். தர்மகர்த்தாவைக் காணோம் என்று பூசாரி சொன்னதும் அவளுக்கு அந்த நாலு நாள் சிரிப்பும் ஒரே மூச்சில் வற்றிப்போயிற்று. யாரோ அக்காவையும் காணோம் என்றார்கள். ஏற வேண்டிய வாணம் எல்லாம் ஏறிவிட்டது, கூப்பிட்டால் இறங்காது. அவள் அம்மனைப் பார்த்தாள். அம்மன் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

தோட்டத்தில் நடந்ததை அவர்கள் இரண்டு பேரும் பிற்பாடு தனித்தனியாகச் சொன்னார்கள், கோழியையும் நாயையும் கழித்துவிட்டால் இரண்டும் ஒன்றுதான். முதல் பழம் திருவேங்கடத்தின் மாட்டுக் கொட்டகையைப் பிளந்தது. இரண்டாவது பூமாதேவியின் சாக்கைக் கையோடு பிடுங்கிப்போய்த் தரையில் பதித்தது. வீட்டுக்கு ஓட வழியில்லை, நடுவில் திறந்த வெளி. மறைவென்று இருந்தது மாமரம் ஒன்றுதான், இருபத்திரண்டு வருஷம் காய்க்காமல் எல்லாச் சத்தையும் இலையிலும் கொப்பிலும் வைத்துத் தடித்துப் போயிருந்த மாமரம். இந்தப் பக்கமிருந்து அவர் ஓடிவந்தார், அந்தப் பக்கமிருந்து அவள் ஓடிவந்தாள், நடுமரத்தில் முதுகோடு முதுகாக ஒட்டிக்கொண்டார்கள். மேலே பழம் விழ, கொப்பு அதைப் பிடிக்க, அடுத்த கொப்புக்குக் கொடுக்க, அது அதற்கடுத்ததற்குக் கொடுக்க, கடைசியில் முள்ளும் தோலுமாக ஓரத்தில் இறக்கிவைத்தது. அப்போது ஒரு பழம் கொப்புகளுக்கு நடுவே வழி கண்டுபிடித்துவிட்டது. அதை அவள்தான் பார்த்தாள். சுற்றிலும் பார்த்தாள், கோழி இல்லை.

"தலையக் குனிடா, வேங்கடா," என்றாள்.

அவர் குனிந்தார். யாருக்கும் குனிந்து வழக்கமில்லாத மனிதர் என்பதால் கொஞ்சம் நேரமெடுத்தது, ஆனாலும் குனிந்தார். பழம் அவர் தலை இருந்த இடத்தில் மரத்தில் மோதிப் பிளந்து, சுளை சுளையாக இருவர் மேலும் சிதறியது. அவர் முகத்தில் ஒட்டிய சுளையை வழித்துப்போட்டார்.

"நீ உள்ள தள்ளி நில்லுக்கா," என்றார்.

வெயிலுகந்தாள் அரிக்கேன் விளக்கோடு ஓடி வந்து பார்த்தபோது இருவரும் மரத்தடியில் உட்கார்ந்து சுளை தின்றுகொண்டிருந்தார்கள். பூமாதேவி கொட்டையை மடியில் கட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கொட்டை பாதி எனக்கு என்று அவர் சொல்ல, உனக்கு வாயுத் தொல்லை என்று அவள் சொல்ல, உனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்க, இருபத்திரண்டு வருஷமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கிறதே என்று அவள் சொன்னாள். வெயிலுகந்தாள் விளக்கைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதாள். ஏன் அழுகிறாள் என்று அவர்களுக்குப் புரியவில்லை, அவளுக்கும் இரண்டு சுளை கொடுத்தார்கள்.

ஊர் பலாப்பழத்தை மூன்று நாளில் ஜீரணித்தது. நல்லெண்ணெய் தீர்ந்து மண்ணெண்ணெய் தடவிக் கைப் பிசினை எடுத்தார்கள். சுளையைத் தின்றார்கள், கொட்டையைச் சுட்டார்கள், அவித்தார்கள், குழம்பு வைத்தார்கள், சுளையைச் சுற்றியிருந்த சடையை ஆட்டுக்குப் போட்டார்கள், மைக்செட்காரருக்குச் சம்பளத்தோடு இரண்டு முழுப் பழம் கொடுத்து அனுப்பினார்கள். மாமரத்தை வெட்டுகிற பேச்சை யாரும் எடுக்கவில்லை. வெட்டாமல் ஒடிந்து விழுந்த ஒரு கொப்புக்கே இப்படியென்றால் முழு மரத்தையும் வெட்டினால் அதற்குள் இன்னும் என்னென்ன இருக்குமோ என்ற பயம். அக்காளும் தம்பியும் காலையில் ஐந்து மணிக்கு ஆரம்பித்து ஓயாமல் பேசினார்கள், பெரும்பாலும் சண்டைதான். இருபத்திரண்டு வருஷம் அமைதியாகத் தூங்கிப் பழகிய அந்தத் தெருக்காரர்கள் கமிட்டியில் புகார் கொடுத்தார்கள்.

நாலாம் நாள் திருவேங்கடம் பட்டறைக்கு வந்தார். வந்தவர் வேப்பமரத்தடியில் நின்று குழியைப் பார்த்தார். பக்கத்துக் குப்பைமேட்டில் கருப்புப் பாலிஷோடு ஒரு சிங்க முகம் கிடந்தது, சங்கிலிப்பாண்டி அழகுக்காக எடுத்து வைத்தது. அதை வெகுநேரம் பார்த்தார்.

"மாமரத்துக் கொப்புல பலா எப்படி விழும் தாயி?"

வெயிலுகந்தாள் கரியை முறத்தில் புடைத்துக்கொண்டே சொன்னாள்.

"தெரியலையே அண்ணாச்சி. வேற எந்த மரமும் குழியில கெடையாது. உங்க நாக்காலி ஒண்ணு கெடந்துச்சு, அது பர்மா தேக்குல்லா. தேக்குல எங்கயாவது பலா காய்க்குமா?"

அவர் தாத்தாவை நினைத்திருக்க வேண்டும், கப்பலை நினைத்திருக்க வேண்டும், உட்காரும்போதும் எழும்போதும் சொன்னதையெல்லாம் நினைத்திருக்க வேண்டும். காற்றுக்கு வேப்பிலை நாலைந்து உதிர்ந்தது. ஆமாம், மாமரத்துக் கொப்புதான், விழுந்த அன்றைக்கே நான் பார்த்தேன் என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். கோயில் நோட்டிலும் அப்படியே எழுதச் சொன்னார். இன்றைக்குப் போனாலும் பார்க்கலாம், மாமரத்தில் பலா விழுந்தது என்று பூசாரி கையெழுத்தில் இருக்கிறது.

மறுநாள் காலையில் ஒரு மாட்டு வண்டி பட்டறைக்கு வந்தது. வண்டி நிறையக் கருப்புப் பாலிஷ் போட்ட பெரிய கட்டில், நாலு கால், தலைமாட்டில் மயில். வண்டிக்காரர் இறக்கி வைத்துவிட்டு, தர்மகர்த்தா சொல்லி அனுப்பியதை மூச்சுவிடாமல் ஒப்பித்தார்: இதுவும் தாத்தா ரங்கூனிலிருந்து கொண்டுவந்த அசல் பர்மா தேக்குதான், அதில் சந்தேகமே வேண்டாம், ஆனால் அக்கா இன்னும் சுளை வேண்டும் என்று கேட்கிறாள்.